எரிக்கும் மருந்தும் ஏய்க்கும் மருந்தும்: சோயாவுக்கான இரண்டு களைக்கொல்லிகள், பயிரின் பக்கம் நின்று ஒரு மதிப்புரை

களைக்கொல்லிகளைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் களையை மட்டுமே பார்த்து எழுதப்படுகின்றன. எந்தக் களை செத்தது, எத்தனை நாளில் செத்தது, எது தப்பித் தழைத்தது என்பதோடு அவை முடிந்துவிடுகின்றன. சோயா மொச்சையில் பயிர் முளைத்த பின் தெளிக்கப்படும் மருந்துகளுள் பரவலாகப் புழங்கும் ஃபோமெசாஃபென், இமாசெதபைர் ஆகிய இரண்டையும் நான் இங்கே பயிரின் பக்கம் நின்று பார்க்கிறேன். இரண்டும் சோயாவுக்கு ஏற்றவை என்றே விற்கப்படுகின்றன. இரண்டும் சோயாவைக் காயப்படுத்தவும் செய்கின்றன. காயம் தோன்றும் இடம், அதன் வேகம், அது ஆறும் விதம் ஆகியவற்றில்தான் அவை வேறுபடுகின்றன. இந்த வேறுபாட்டை அறியாமல் வாங்குகிறவர், பார்வைக்குக் கொடியதாகத் தெரியும் மருந்தை ஒதுக்கிவிட்டு, பார்வைக்குச் சாதுவான மருந்திடம் அதிகம் இழக்கக்கூடும் என்பது என் கருத்து.

சோயா இந்த மருந்துகளிடமிருந்து எப்படித் தப்புகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் காயத்தை மதிப்பிட முடியாது. குயிசலோஃபாப், கிளெத்தோடிம் போன்ற புல்கொல்லிகளின் கதை எளிது. அவை முடக்கும் நொதி புற்களில் ஒரு வடிவிலும், சோயா போன்ற இருவித்திலைத் தாவரங்களின் பசுங்கணிகத்தில் வேறு வடிவிலும் இருப்பதால், அந்த மருந்துகளுக்குச் சோயாவுக்குள் பிடிமானமே கிடைப்பதில்லை. கூடச் சேர்க்கும் எண்ணெயால் இலையில் சில புள்ளிகள் விழுந்தால் அதுவே அதிகம். ஃபோமெசாஃபெனும் இமாசெதபைரும் அப்படிப்பட்டவை அல்ல. அவை தாக்கும் நொதிகள் களையில் இருப்பதைப் போலவே சோயாவிலும் இருக்கின்றன, அங்கேயும் தாக்கப்படுகின்றன. சோயா உயிர் பிழைப்பதற்குக் காரணம், உள்ளே வந்த நஞ்சை அது களையைவிட வேகமாகச் சிதைத்துவிடுவதுதான். ஃபோமெசாஃபெனைத் தன்னிடமுள்ள ஹோமோகுளூட்டதையோன் என்ற சேர்மத்தோடு பிணைத்து அது முடக்குகிறது. இமாசெதபைரை சைட்டோகுரோம் பி450 வகை நொதிகளால் மாற்றி, பிறகு சர்க்கரையோடு பிணைத்து ஒதுக்கிவிடுகிறது. ஆகவே காயம் என்பது இரண்டு வேகங்களுக்கு இடையிலான கணக்கு. மருந்து உள்ளே நுழையும் வேகத்தை வெப்பமும் ஈரக்காற்றும் எண்ணெயும் கூட்டுகின்றன. சிதைக்கும் வேகத்தைக் குளிரும், நீர் தேங்கிய வேரும், வாடிய செடியும் குறைக்கின்றன. ஒரே வயலில் ஒரே அளவில் தெளித்த ஒரே மருந்து ஓராண்டில் சுவடே தெரியாமலும் அடுத்த ஆண்டில் கண்ணைப் பறிக்கும்படியும் நடந்துகொள்வதற்கு இதைத் தவிர வேறு மர்மம் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஃபோமெசாஃபெனை எடுத்துக்கொள்வோம். இது இலையில் பட்ட இடத்தில் பச்சையம் உருவாகும் பாதையிலுள்ள ஒரு நொதியை மறிக்கிறது. அதன் விளைவாகச் செல்லுக்குள் தேங்கும் புரோட்டோபார்ஃபிரின் என்ற பொருள் சூரிய ஒளி பட்டதும் வீரியமான ஆக்சிஜனை உண்டாக்கி, செல்லின் சவ்வையே கிழித்துவிடுகிறது. வெயில் இருந்தால் சில மணி நேரத்தில் இலை நீர் கோத்தாற்போலத் தோன்றும். ஓரிரு நாட்களில் வெண்கல நிறப் புள்ளிகளும் கருகிய திட்டுகளும் வெளிப்படும். இலை சுருங்கி, ஓரங்கள் உள்நோக்கி இழுத்துக்கொள்ளும். முதன்முறை இதைப் பார்க்கிறவர் வயல் எரிந்துவிட்டதென்றே முடிவு கட்டுவார். மருந்துக்கடைக்குப் பாட்டிலோடு திரும்பி வரும் புகார்களில் பாதி இந்த மூன்றாம் நாளில்தான் பிறக்கின்றன என்று சொன்னால் மிகையாக இருக்கலாம், ஆனால் வெகுதூரம் மிகையாக இராது.

ஆனால் இந்த மருந்து செடிக்குள் பெரிதாகப் பயணம் செய்வதில்லை. பட்ட இலை எரிகிறது. படாத இலையும் இன்னும் விரியாத குருத்தும் பிழைத்துக்கொள்கின்றன. ஆகவே இதன் காயத்தை எரிந்த இலையைப் பார்த்து மதிப்பிடுவது தவறு. தெளித்த பிறகு விரிந்த இலையைப் பார்த்தே மதிப்பிட வேண்டும். வளர்ச்சிப் பருவத்தின் தொடக்கத்தில் சோயா ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு ஒரு மூவிலையை, அதாவது மூன்று சிற்றிலைகள் கொண்ட ஓர் இலையை, விரிக்கும் என்பதால், தெளித்து இரண்டு வாரம் ஆகும்போது எரிந்த இலைகளுக்கு மேலே இரண்டு மூன்று புதிய மூவிலைகள் இருக்க வேண்டும். அவை பச்சையாகவும் ஒழுங்கான வடிவிலும் இருந்தால் அந்தச் செடிக்குக் கவலை இல்லை. எரிந்த கீழிலைகள் அவற்றின் நிழலில் மறைந்துவிடும். பூக்கும் முன், செடி இளமையாக இருக்கும்போது ஏற்படும் இத்தகைய இலையிழப்பைச் சோயா பெரும்பாலும் விளைச்சலில் காட்டாமல் ஈடுகட்டிவிடுகிறது. தாமதமாக விதைத்த பயிரும் குறுகிய காலப் பயிரும் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றுக்கு மீண்டெழ நாட்கள் குறைவு. வரிசைகளுக்கு இடையிலான நிலத்தை இலைப்பரப்பு மூடும் நாள் தள்ளிப்போனால், அந்த இடைவெளியில் அடுத்த தலைமுறைக் களை முளைத்துவிடும்.

எரிச்சலின் அளவைத் தீர்மானிப்பதில் மருந்தைவிட அதோடு கலப்பவற்றுக்குப் பங்கு அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரண ஒட்டும் திரவத்தோடு தெளித்ததைவிடப் பயிர் எண்ணெயோடு தெளித்தது கூடுதலாக எரிக்கும். அதோடு திரவ நைட்ரஜன் உரத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். களைக்கும் அதே அளவு வேகம் கூடும் என்பதால் எண்ணெய் வீண் என்று சொல்வதற்கில்லை. களை ஐந்து விரல் உயரத்துக்குள் இருக்கும்போது எண்ணெயே தேவைப்படாது. களையை வளரவிட்டுப் பிறகு எண்ணெயால் ஈடுகட்ட முனையும்போதுதான் பயிர் விலை கொடுக்கிறது. இது தொட்ட இடத்தில் மட்டும் வேலை செய்யும் மருந்து என்பதால் தண்ணீரைக் குறைத்துத் தெளிப்பதும் உதவாது. களை முழுவதும் நனையாவிட்டால் அது பக்கக்கிளை விட்டு மீண்டும் எழும், பிறகு இரண்டாம் முறை தெளிக்க வேண்டிவரும், அப்போது சோயா பூக்கும் பருவத்தை நெருங்கியிருக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த அசிஃப்ளூர்ஃபெனும் லாக்டோஃபெனும் ஃபோமெசாஃபெனைவிடக் கூடுதலாக எரிப்பவை. மூன்றில் லாக்டோஃபெனே முரடு. அதன் எரிச்சலால் செடியில் தற்காப்புச் சேர்மங்கள் தூண்டப்படுவதையும் இலைப்பரப்பு சற்றுக் குறைவதையும் வெண்பூசண அழுகலுக்கு எதிராகப் பயன்படுத்திக்கொள்ளும் வழக்கமும் உண்டு. காயமே மருந்தாகும் அந்த ஏற்பாட்டை நோய் உறுதியாக வரும் வயலுக்கு வெளியே யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இமாசெதபைர் வேறு இனம். எக்டேருக்கு 70 முதல் 100 கிராம் செயல்பொருளே போதும் என்பது அதன் வீரியத்தைக் காட்டும். இலை வழியாகவும் வேர் வழியாகவும் நுழைந்து, செடியில் நீர் செல்லும் குழாய், உணவு செல்லும் குழாய் இரண்டிலும் ஓடி, வளரும் நுனிகளில் போய்ச் சேர்கிறது. அங்கே வாலின், லியூசின், ஐசோலியூசின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் பாதையின் முதல் நொதியை முடக்குகிறது. புரதம் கட்டக் கல் கிடைக்காமல் வளர்ச்சி நின்றுவிடுகிறது. இதில் எரிச்சல் இல்லை, கருகல் இல்லை. தெளித்த மறுநாள் வயல் அப்படியே பச்சையாக நிற்கும். களையும் அப்படியே நிற்கும் என்பதுதான் இந்த மருந்தின் முதல் சிக்கல். களையின் வளர்ச்சி அன்றைக்கே நின்றுபோனாலும், அது மஞ்சளாகிச் சாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் பிடிக்கும். அந்த நாட்களில் பொறுமை இழப்பவர்கள் மீண்டும் ஒரு முறை அடித்துவிடுகிறார்கள், அல்லது வேறொரு மருந்தை மேலே அடித்துவிடுகிறார்கள். நான் பார்த்த இமாசெதபைர்க் காயங்களில் கணிசமானவை மருந்தால் வந்தவை என்பதைவிட அவசரத்தால் வந்தவை என்பதே சரி.

பரிந்துரைத்த அளவில், நல்ல வெயிலில், ஈரமான ஆனால் நீர் தேங்காத மண்ணில், திடமான செடியில் இது பெரும்பாலும் சுவடின்றிச் செரிக்கப்படுகிறது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்த மருந்து உலகெங்கும் இவ்வளவு விற்றதற்குக் காரணம் அதுதான். புல், அகன்ற இலைக் களை இரண்டிலும் பலவற்றை ஒருசேர அடக்குவதும், மண்ணில் தங்கிப் பின்னால் முளைப்பவற்றையும் தடுப்பதும் அதன் உண்மையான வலிமைகள். தெளித்த பின் வானம் மூடி, குளிர்ந்து, மழை விடாமல் பெய்யும் வாரத்தில்தான் அதன் மறுபக்கம் தெரிகிறது. அப்போது புதிய இலைகள் நரம்புகளுக்கு இடையில் வெளிறும். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புற நரம்புகள் சிவந்தோ ஊதா நிறத்திலோ இருக்கும். கணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தும் அவற்றுக்கு இடையிலான தண்டு நீளாமல் செடி குட்டையாக நிற்கும். கடுமையான காயத்தில் நுனிக்குருத்தே கருகி, வித்திலைக் கணுவிலிருந்தும் மற்ற இலைக்கோணங்களிலிருந்தும் பக்கக்கிளைகள் புறப்படும். சோயாவின் வளரும் நுனி முளைத்த நாள் முதலே மண்ணுக்கு மேலே இருப்பதால், நுனிக்குச் சேதம் என்பது அதற்குச் சிறிய விஷயமல்ல. ஆனாலும் கணுக்களில் உறங்கும் மொட்டுகள் இருக்கும்வரை செடி பிழைக்கும்.

வயல் முழுவதும் ஒரே சீராகச் சற்றுக் குட்டையாக நின்றால் அதைக் காயமென்று யாருக்கும் தோன்றுவதில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. மழை, விதை, ரகம், மண் என்று காரணம் சொல்லிக் கடந்துவிடுவார்கள். வெளிறிய குருத்தைப் பார்த்து இரும்புச்சத்துக் குறை என்று முடிவு செய்து இலைவழி உரம் தெளிப்பவர்களும் உண்டு. கார மண்ணில் இரும்புக்குறை வருவது உண்மைதான். ஆனால் அதில் நரம்பு பச்சையாகவே இருக்கும், அடிப்புறம் சிவக்காது, தண்டின் நீளம் திடீரென்று ஒரு குறிப்பிட்ட கணுவிலிருந்து குறையத் தொடங்காது. மருந்துக் காயத்தில் தண்டில் ஒரு தேதி எழுதியிருக்கும்: தெளித்த நாளில் விரிந்துகொண்டிருந்த கணுவுக்குக் கீழே எல்லாம் சரியாகவும், அதற்கு மேலே இரண்டு மூன்று கணுக்கள் நெருங்கியும், அதற்கும் மேலே மீண்டும் இயல்பாகவும் இருக்கும்.

பூச்சிமருந்தோடு சேர்த்து ஒரே தொட்டியில் தெளிக்கும் பழக்கம் இந்த மருந்துக்கு உகந்ததல்ல. மாலத்தியான் போன்ற சில ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகள், இமாசெதபைரைச் சிதைக்கும் அதே பி450 நொதிகளை மறிக்கக்கூடியவை. சோயாவின் தற்காப்பைக் கட்டிப்போட்டுவிட்டு அதன்மேல் மருந்தைத் தெளிப்பதற்குச் சமம் அது. ஒரே கூலியில் இரண்டு வேலை முடிகிறது என்ற கணக்கில் இந்த இழப்பு வருவதில்லை.

அடுத்து, மண்ணில் தங்கும் பிரச்சினை. இதில் இரண்டு மருந்துகளையுமே குறைசொல்ல வேண்டும், ஆனால் ஒரே அளவில் அல்ல. ஃபோமெசாஃபென் மண்ணில் மாதக்கணக்கில் நிற்கும். அடுத்து வரும் மக்காச்சோளத்தில் இலை நரம்புகள் வெளுத்து, இலை மடிந்து தொங்கும். மருந்தோடு வரும் அமெரிக்க விவரச்சீட்டு மக்காச்சோளத்துக்கு 10 மாதம், சோளத்துக்கு 18 மாதம் இடைவெளி கேட்கிறது. இமாசெதபைருக்கு அதே நாட்டுச் சீட்டு மக்காச்சோளத்துக்கு எட்டரை மாதத்தோடு விட்டுவிடுகிறது. ஆனால் உருளைக்கிழங்குக்கு 26 மாதமும் சர்க்கரை பீட்டுக்கு 40 மாதமும் கேட்கிறது. எக்டேருக்கு நூறு கிராமைத் தாண்டாத ஒரு பொருள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒரு பயிரை அந்த நிலத்திலிருந்து விலக்கி வைக்கிறது என்பதை வாங்கும் முன் ஒரு முறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும். இதை மண்ணில் சிதைப்பவை நுண்ணுயிர்கள். வறட்சியில் அவை வேலை செய்வதில்லை. அமில மண்ணில் மருந்து மண் துகளோடு இறுக ஒட்டிக்கொள்வதால் நுண்ணுயிர்களுக்கு எட்டாமல் அதிக நாள் தங்குகிறது. சோயாவில் தெளிக்கப்படும் மற்றொரு மருந்தான குளோரிமியூரான் இதே நொதியைத் தாக்கினாலும், மண்ணில் இதற்கு நேர் எதிராக, கார மண்ணில் அதிக நாள் தங்கும். மண் பரிசோதனை அட்டையைப் பார்க்காமல் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தேர்ந்தெடுப்பதுதான்.

முளைக்கும் முன் இடும் மண்மருந்துகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். மெட்ரிபுசின் மலிவும் பயனும் உள்ளது, ஆனால் மணற்பாங்கான, அங்ககப் பொருள் குறைந்த, கார மண்ணில் பெருமழை பெய்தால் வேர்மண்டலத்துக்கு இறங்கிக் கீழிலைகளின் ஓரத்தை மஞ்சளாக்கிக் கருக்கும். சில சோயா ரகங்களுக்கு அது ஒத்துக்கொள்வதே இல்லை. ஃப்ளூமியாக்சசின் விதைத்த மூன்று நாட்களுக்குள் இடப்பட வேண்டியது. மண் வெடித்து முளை தலைகாட்டும் நேரத்தில் மழைத்துளி தெறித்தால், வித்திலைகளும் தண்டும் எரிந்து சில நாற்றுகள் வித்திலைக்குக் கீழேயே அறுந்துவிடும். அப்படி அறுந்தவை மீளாது, ஏனெனில் தழைக்க மொட்டு அங்கே இல்லை. மெட்டோலகுளோர் தரும் காயம் இவற்றுள் மிகவும் சாதுவானது: இலையின் நடுநரம்பு சுருங்கி, கயிறு இழுத்த பைபோல இலைநுனி உள்வாங்கி, இலை இதய வடிவில் தோன்றும். குளிர்ந்த ஈர மண்ணில் இது வரும். இரண்டு மூவிலைகளில் மறைந்துவிடும். விளைச்சலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி, வாங்காமலேயே வயலுக்கு வந்து சேரும் மருந்தைப் பற்றியும் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரை குறையுடையதாகும். பக்கத்து வயலில் தெளிக்கப்பட்டு இங்கே வந்து விழும் டைகாம்பா என்ற களைக்கொல்லிக்குச் சோயாவைவிட நுட்பமான உணர்கருவி இல்லை என்றே சொல்லலாம். டைகாம்பா தாங்கும் ரகங்களில் இது எக்டேருக்கு 560 கிராம் அளவில் தெளிக்கப்படுகிறது. அதில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.028 கிராம், சாதாரணச் சோயா வயலில் விழுந்தாலே குருத்திலைகள் கிண்ணம்போலக் குவிந்து காயத்தைக் காட்டிவிடும். தெளிக்கும்போது காற்றில் பறப்பது ஒருபுறம் இருக்க, தெளித்த பிறகு இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஆவியாகி எழுந்து நகர்வது இந்த மருந்தின் தனிக் குணம். தொட்டி நீரின் அமிலத்தன்மை கூடினால் ஆவியாவதும் கூடும். ஆவியாதலைக் குறைத்த புதிய கலவைகளை மான்சாண்டோ நிறுவனம் 'எக்ஸ்டெண்டிமேக்ஸ்' என்ற பெயரிலும் பிஏஎஸ்எஃப் நிறுவனம் 'எஞ்சீனியா' என்ற பெயரிலும் கொண்டுவந்தன. அவற்றுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016 இறுதியில் அனுமதி தந்தது. 2017 பருவத்தின் முடிவில், அந்நாட்டில் 36 லட்சம் ஏக்கர் சோயா டைகாம்பாவால் காயமடைந்ததாக மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் களையியல் அறிஞர் கெவின் பிராட்லி மதிப்பிட்டார். 2020 ஜூனில் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதிகளை ரத்து செய்தது. அதன் பிறகு மீண்டும் தரப்பட்ட அனுமதியையும் 2024 பிப்ரவரியில் அரிசோனாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது. களையைக் கொல்வதில் அந்தக் கலவைகளைக் குறைசொல்ல முடியாது. ஆனால் தெளிப்பவரின் வேலியோடு நிற்காத ஒரு பொருளைத் தெளிப்பவரின் வயலை மட்டும் பார்த்து மதிப்பிட முடியாது.

டைகாம்பாக் காயத்தின் நேரமும் முக்கியம். வளர்ச்சிப் பருவத்தில் பட்ட அதே அளவு, பூக்கும் பருவத்தில் பட்டால் கணிசமாகக் கூடுதலான விளைச்சலைப் பறிக்கும். அறிகுறி வெளிப்பட ஒன்று முதல் மூன்று வாரம் ஆவதால், எந்த நாளில் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது தகராறாகிவிடும். இங்கும் செடியே சாட்சி சொல்லும்: மருந்து பட்ட நாளில் முழுதாக விரிந்திருந்த இலைகள் குவிவதில்லை, அப்போது குருத்துக்குள் உருவாகிக்கொண்டிருந்தவையே குவியும். மேலிருந்து கீழாக எண்ணினால் தேதியை ஏறத்தாழ நெருங்கிவிடலாம். 2,4-டி என்ற மற்றொரு களைக்கொல்லி பட்டிருந்தால் இலை குவிவதைவிட நீண்டு, நரம்புகள் இணையாக ஓடி, வார்போலக் குறுகும். தண்டும் இலைக்காம்பும் முறுக்கும். அதற்குச் சோயா டைகாம்பாவுக்கு அஞ்சும் அளவுக்கு அஞ்சுவதில்லை.

பக்கத்து வயலைச் சந்தேகிக்கும் முன் தன் தெளிப்பானையும் ஒரு முறை சந்தேகிப்பது நல்லது. தொட்டியை அலசிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எச்சம் பெரும்பாலும் தங்குவது தொட்டியில் அல்ல, ரப்பர்க் குழாயின் உட்சுவரிலும் வடிகட்டியிலும் தெளிப்புக் குழாயின் மூடிய முனையிலும்தான். எண்ணெய் கலந்த அடுத்த மருந்து அந்த எச்சத்தைக் கரைத்து வெளியே கொண்டுவரும். அப்படி வந்த காயத்தில், தொட்டியின் முதல் நிரப்பு தெளித்த பகுதி கடுமையாகவும் பிந்தைய பகுதிகள் படிப்படியாக லேசாகவும் இருக்கும். காற்றில் வந்ததென்றால் ஒரு ஓரத்தில் கடுமையாகத் தொடங்கி உள்ளே போகப் போகக் குறையும். தெளிப்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததென்றால் காயம் நேர்கோட்டுப் பட்டைகளாகவும், வண்டி திரும்பும் வரப்போரத்தில் திட்டுகளாகவும் தெரியும். நோய் இப்படிக் கோடு போட்டு வருவதில்லை.

இரண்டு மருந்துகளுக்குமான விவரச்சீட்டுகளைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. களைகளின் பட்டியல் பக்கக்கணக்கில் நீள்கிறது; பயிர்க் காயத்துக்கு 'தற்காலிகமான மஞ்சள் நிறமோ வளர்ச்சிக் குறைவோ தோன்றலாம், பயிர் மீளும்' என்ற பாணியில் ஒரு வரி கிடைக்கிறது. எந்த வானிலையில் தோன்றும், எத்தனையாவது மூவிலையில் மீண்டிருக்க வேண்டும், மீளாவிட்டால் எதைப் பார்க்க வேண்டும் என்பவை அந்த வரியில் இருப்பதில்லை. அடுத்த பயிருக்கான இடைவெளி அட்டவணை இருந்தாலும், வாங்கும்போது அதைப் படித்துக் காட்டுகிறவர் அரிது.

எனவே என் தேர்வை வயலை வைத்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அகன்ற இலைக் களைகள் மிகுந்து, அவை இன்னும் சிறியவையாக இருந்து, பயிர் மூன்றாவது மூவிலையைத் தாண்டாமல் இருந்தால் ஃபோமெசாஃபெனையே எடுப்பேன். பத்து நாள் வயல் அலங்கோலமாகத் தெரிவதைப் பொறுத்துக்கொள்வேன். கடும் வெயிலும் புழுக்கமும் சேர்ந்த நண்பகலில் மட்டும் தெளிக்க மாட்டேன், எண்ணெயைத் தவிர்ப்பேன். புல்லும் அகன்ற இலையும் கலந்து, களை தொடர்ந்து முளைத்துக்கொண்டே இருக்கும் வயலில், அடுத்தும் பருப்பு வகையோ மீண்டும் சோயாவோ போடும் எண்ணமிருந்து, வானிலை இதமாக இருந்தால் இமாசெதபைருக்கு இடமுண்டு. குளிர் அலை வரும் என்றோ மழை பிடித்துக்கொள்ளும் என்றோ தெரிந்தால் அதை அலமாரியிலேயே விட்டுவிடுவது நல்லது. கிழங்கு, காய்கறி, கடுகு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அந்த நிலத்தின் சுழற்சியில் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

எதைத் தெளித்தாலும், வயலில் தெளிப்பானின் ஒரு அகலமுள்ள குறுகிய பட்டையொன்றை மருந்து படாமல் விட வேண்டும் என்பதை வலியுறுத்துகிறேன். ஃபோமெசாஃபெனின் காயத்தைக் காண அது தேவையில்லை, கண் போதும். இமாசெதபைரின் காயத்தை அதில்லாமல் காணவே முடியாது. அந்தப் பட்டையில் களையைக் கையால் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் களை பிடுங்கிய சத்தும் மருந்து தடுத்த வளர்ச்சியும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். தெளித்து இரண்டு வாரம் கழித்து இரண்டு பக்கத்துச் செடிகளையும் அருகருகே பிடுங்கி வைத்து, கணுக்களை எண்ணி, மேல் மூன்று கணுக்களுக்கு இடையிலான தண்டை அளந்து பார்க்க வேண்டும். பூக்கும் நேரத்தில் மீண்டும் ஒரு முறை அளந்து, இரண்டு பக்கத்துக்கும் இடையிலான வேறுபாடு குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறுவடையின்போது அந்தப் பட்டையின் மணியைத் தனியாக எடை போட்டால், அந்த மண்ணில் அந்த ஆண்டு அந்த மருந்து பயிரிடமிருந்து எவ்வளவு வாங்கிக்கொண்டது என்பது தெரிந்துவிடும்.